ரீங்காரமும் சுருதியும்: ஒரு மின்சார சிதார் கிடாரைச் சரிசெய்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில் தந்திக் கருவிகளைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். வருபவை பெரும்பாலும் கிடார்கள். சுற்றுவட்டார ஊர்களில் இந்தியக் குடும்பங்கள் நிறைய இருப்பதால் அவ்வப்போது சிதார், வீணை, தம்புராவும் வரும். இங்கே பதிவு செய்வது இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் நிற்கும் ஒரு கருவியைப் பற்றி: சிதார் போல ஒலிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட மின்சார கிடார். தொடர்புடையவர்களின் பெயர்களையும் அடையாளங்களையும் விட்டுவிட்டேன்.

கொண்டுவந்தவர் ஐம்பது வயதைக் கடந்த கிடார் கலைஞர். பகலில் வேறு வேலை பார்க்கிறார். வார இறுதிகளில் 1970களின் ஃபிலடெல்ஃபியா சோல் (அந்த நகரில் வளர்ந்த கறுப்பின பாப் இசை வகை) இசையை வாசிக்கும் குழுவில் இருக்கிறார். அந்த இசையில் மின்சார சிதாருக்கு நிலையான ஓர் இடம் உண்டு. ஸ்டைலிஸ்டிக்ஸ் குழுவின் 1971ஆம் ஆண்டுப் பாடலான ‘யூ ஆர் எவ்ரிதிங்’ தொடங்குவதே அந்த ஒலியில்தான். சாதாரண கிடாரில் அதே சுரங்களை வாசித்தால் பாட்டு அடையாளம் தெரியும், ஆனால் பழைய ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள் என்றார் அவர். ஆகவே பழைய அமெரிக்கக் கருவி ஒன்றைப் பின்பற்றிச் செய்த ஒரு நகலைத் தனியார் ஒருவரிடமிருந்து வாங்கியிருந்தார். ஏற்கெனவே இரண்டு மூன்று கைகள் மாறிய கருவி.

சில மாதம் ஒத்திகையில் வாசித்த பிறகு மூன்று புகார்களோடு வந்தார். மிக மெல்லிய முதல் தந்தியில் ரீங்காரமே இல்லை, மீட்டினால் ‘டிங்’ என்று ஒலித்து உடனே செத்துவிடுகிறது. மூன்றாம் தந்தி சுருதி சேரவில்லை. கீபோர்டு வாசிப்பவர் ஒவ்வொரு ஒத்திகையிலும் அதைச் சுட்டிக்காட்டுகிறார். மூன்றாவது, பக்கவாட்டில் இருக்கும் துணைத் தந்திகளால் எந்தப் பயனும் இல்லை, இரைச்சல்தான் மிச்சம். குழு சில பாடல்களைப் பதிவு செய்ய ஸ்டூடியோ நேரம் வாங்கியிருந்தது. கருவி தேறாவிட்டால் கீபோர்டில் உள்ள சிதார் ஒலியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். கலைஞருக்கு அது மானப் பிரச்சினையாகியிருந்தது.

கருவி எதற்காகப் பிறந்தது

பழுதுபார்ப்பில் எடுத்த முடிவுகளுக்கு இந்தப் பின்னணி தேவை; எனவே சுருக்கமாக.

1965இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் ஒரு பாட்டில் சிதார் வாசித்த பிறகு, மேற்கத்திய பாப் இசையில் அந்த ஒலிக்குக் கிராக்கி ஏறியது. நியூயார்க்கின் ஒலிப்பதிவுக் கூடங்களில் கூலிக்கு வாசிக்கும் கிடார் கலைஞர்களிடம் தயாரிப்பாளர்கள் அதைக் கேட்டார்கள். சிதாரைக் கற்க ஆண்டுகள் பல ஆகும். அவர்களிடம் இருந்ததோ ஒரு பாட்டுக்குச் சில நிமிடங்கள். அந்தக் கலைஞர்களில் ஒருவரான வின்சென்ட் பெல், நியூ ஜெர்சியின் நெப்டியூனில் தொழிற்சாலை வைத்திருந்த டான்எலெக்ட்ரோ நிறுவனத்தோடு சேர்ந்து 1967இல் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். கோரல் என்ற வணிகப் பெயரில் விற்பனைக்கு வந்தது. வழக்கமான ஆறு தந்திகள், கிடாரின் ஃப்ரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டுகள்), பக்கத்தில் 13 துணைத் தந்திகள், லிப்ஸ்டிக் குழாய் வடிவில் உலோக உறைகளுக்குள் பொதிந்த மூன்று பிக்கப்புகள் (தந்தியின் அசைவை மின்குறியாக்கும் காந்தச் சுருள்கள்). சிதாரின் ஒலியை வரவழைக்கும் பொறுப்பு முழுவதும் தட்டையான, அகன்ற ஒரு பிரிட்ஜின் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டையின்) மேல் சுமத்தப்பட்டிருந்தது.

டான்எலெக்ட்ரோவின் தொழிற்சாலை 1969இல் மூடப்பட்டது. கருவியின் ஒலி மூடப்படவில்லை. 1970இல் ஸ்டீவி வொண்டர், 1972இல் ஸ்டீலி டான் என்று வெற்றிப் பாடல்களில் தொடர்ந்தது. பின்னாளில் பலர் நகல்கள் செய்தார்கள். எங்கள் மேசைக்கு வந்தது அப்படிப்பட்ட ஒன்று.

ஆக, இது கிடார் கலைஞர் அவசரத்தில் கையில் எடுத்து, சில வினாடிகளுக்குச் சிதாரின் சாயலைத் தந்துவிட்டுக் கீழே வைப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி. இதைச் சிதாராக நினைத்து மதிப்பிடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் கிடைக்கும். நான் அறிந்த இந்திய இசைக்காரர்களில் பாதிப்பேர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது இந்தக் கருவியைப் பற்றிய விமர்சனம் ஆகாது.

கண்டவை

கழுத்து நேராக இருந்தது. ஃப்ரெட்டுகளில் தேய்மானம் குறைவு. மின்பகுதியில் ஒரு கட்டுப்பாட்டுக் குமிழ் மட்டும் கரகரத்தது; துடைத்ததும் சரியாயிற்று. கோளாறுகள் பிரிட்ஜையும் தந்திகளையும் சுற்றியே இருந்தன.

பிரிட்ஜ் ரோஸ்வுட் மரத்தால் ஆனது. ஏறத்தாழ இரண்டு விரல் அகலம். அதன் மேற்பரப்பில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கம்பி சுற்றிய தடித்த தந்திகளின் கீழே பள்ளம் ஆழமாகவும், அரம் ஓடிய தடம் போலச் சொரசொரப்பாகவும் இருந்தது. பிரிட்ஜின் சாய்வை மாற்றும் திருகுகளை யாரோ ஒரு பக்கமாக முறுக்கி, கழுத்துப் பக்க விளிம்பு தூக்கி நிற்கும்படி செய்திருந்தார்கள். தந்திகள் அந்த விளிம்பில் மட்டும் அழுந்தி நின்றன. அதாவது அகன்ற பரப்பை வைத்துக்கொண்டே அதைச் சாதாரண கிடார் பிரிட்ஜ் போல ஒற்றை விளிம்பாக மாற்றியிருந்தார்கள். ரீங்காரம் எரிச்சலூட்டியபோது முந்தைய உரிமையாளர் அதை அடக்க இப்படிச் செய்திருக்கலாம்.

தந்திகளும் தடித்தவையாகப் போடப்பட்டிருந்தன. முதல் தந்தி 0.011 அங்குலம். மூன்றாம் தந்தி கம்பி சுற்றாத வெறுங்கம்பி, 0.018. துணைத் தந்திகள் 13இல் இரண்டைக் காணவில்லை. மற்றவை எந்தச் சுருதியிலும் இல்லை.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திச் சுருதி பார்த்தபோது முதல் தந்தி சற்றே ஏறியிருந்தது. மூன்றாம் தந்தி 15 சென்ட்டுக்கு மேல் ஏறியிருந்தது. 100 சென்ட் சேர்ந்தால் ஓர் அரைச்சுரம். 15 சென்ட் என்பது இசைப் பயிற்சி இல்லாத காதுக்கும் கீபோர்டோடு சேரும்போது உறுத்தும். கீபோர்டுக்காரர் சொன்னது மிகையில்லை.

நூல் சோதனை

ரீங்காரம் ஏன் இல்லை என்பதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்கலாம். தந்தியில் அது பிறக்கிறது, பிக்கப் அதைப் பிடிக்கத் தவறுகிறது என்பது ஒன்று. தந்தியிலேயே அது பிறக்கவில்லை என்பது மற்றொன்று. காந்தப் பிக்கப் மரத்தின் அதிர்வைக் கேட்பதில்லை. தந்தியின் அசைவை மட்டுமே மின்குறியாக மாற்றுகிறது. ஆகவே எந்த விளக்கம் சரி என்று அறியாமல் எதிலும் கை வைக்கக் கூடாது.

இதற்குத் தம்புராவின் வழியையே எடுத்துக்கொண்டேன். தம்புராவில் குதிரைக்கும் (அதன் பிரிட்ஜுக்கும்) தந்திக்கும் நடுவே ஒரு பருத்தி நூலைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்தி, ஒலி மலரும் இடத்தில் நிறுத்துவார்கள். ஜீவாளி என்று அதற்குப் பெயர். இந்தக் கிடாரில் பிரிட்ஜின் திருகுகளை ஏறத்தாழ மட்டமாக்கிவிட்டு, முதல் தந்தியின் கீழே தையல் நூல் ஒன்றைச் செருகி மெல்ல நகர்த்தினேன். ஓரிடத்தில் ஒலி சட்டென்று திறந்துகொண்டது. ஒலிபெருக்கியிலும் அது அப்படியே கேட்டது. பிக்கப்பில் குறை இல்லை, பிரிட்ஜின் வடிவத்தில்தான் குறை என்று அதோடு முடிவாகிவிட்டது.

ஒலி ஏன் திறக்கிறது என்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய விளக்கம் ஒன்று உண்டு. தந்தியை ஓரிடத்தில் மீட்டினால், அந்த இடம் எந்த மேற்சுரத்துக்கு (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரத்துக்கு) அசையாப் புள்ளியாக அமைகிறதோ அந்த மேற்சுரம் ஒலியில் இருக்காது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. திருச்சியில் பிறந்து அப்போது கல்கத்தாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த சி. வி. ராமன், வீணையும் தம்புராவும் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்று 1921இல் எழுதினார். காரணம் குதிரையின் அகன்ற வளைந்த பரப்பு. தந்தி ஒவ்வோர் அசைவிலும் அந்தப் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. அந்தத் தொடுகை, இருக்கக் கூடாத மேற்சுரங்களையும் எழுப்பிவிடுகிறது. சிதார்க்காரர்கள் ஜவாரி என்பது இதைத்தான். சுரம் தேயத் தேயத் தந்தியின் வீச்சு குறைகிறது. தொடும் விதமும் மாறுகிறது. அதனால் ஒலியின் நிறம் ஓரிடத்தில் நில்லாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். மிதிபெட்டி (காலால் இயக்கி ஒலியை மாற்றும் மின்பெட்டி) வைத்து இந்த ஒலியைப் போலி செய்ய முயல்கிறவர்களுக்குக் கைகூடாதது இந்த நகர்வுதான்.

நூலையே நிரந்தரத் தீர்வாக விட்டுவிடலாமே என்று கலைஞர் கேட்டார். தம்புராவின் தந்திகளை யாரும் அழுத்தி வாசிப்பதில்லை. எப்போதும் ஒரே நீளம், மென்மையான விரல். கிடாரிலோ ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் தந்தியின் கோணம் மாறுகிறது, கையில் இருப்பது பிளாஸ்டிக் மீட்டு. இரண்டு பாட்டுக்குள் நூல் இடம் பெயர்ந்துவிடும் என்று சொன்னோம்.

இரண்டு கோரிக்கைகள், ஒரே பிரிட்ஜ்

அவர் ஒரு யோசனையோடுதான் வந்திருந்தார். அகன்ற பிரிட்ஜைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாக நீளம் சரிசெய்யக்கூடிய சாதாரண பிரிட்ஜைப் பொருத்த வேண்டும். சுருதி சரியாகிவிடும். ரீங்காரத்துக்கு மிதிபெட்டி. அதே மூச்சில், “உண்மையான சிதார் போலவே கேட்க வேண்டும்” என்றும் சொன்னார்.

இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. சாதாரண கிடார் பிரிட்ஜில் தந்தி ஒரு கூரிய விளிம்பில் முடிகிறது. அதிரும் நீளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் ஐயமே இல்லை. அகன்ற பிரிட்ஜில் தந்திக்கு அப்படித் தெளிவான முடிவு கிடையாது. சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பகுதியில் அது உரசி உரசித்தான் முடிகிறது. இந்தக் கிடாரின் தந்தி நீளம் 25 அங்குலம், அதாவது 63.5 செ.மீ. இந்த நீளத்தில் பிரிட்ஜ் முனை 1 மி.மீ. நகர்ந்தால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் மாறும். உரசும் பகுதி 5 மி.மீ. என்றால் சுருதியில் எவ்வளவு மங்கல் இருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ரீங்காரத்தைக் கூட்டக் கூட்ட இந்த மங்கலும் கூடும்.

இந்த இடத்தில் எங்களுக்குத் தெரிந்த சிதார் ஆசிரியை ஒருவரை அழைத்தோம். சொந்தக் கருவியின் ஜவாரியைத் தானே தேய்த்துச் சரிசெய்பவர். சிதாரிலும் இதே பேரம் உண்டு என்றார். பரப்பு மெல்லச் சரிந்து ரீங்காரம் மிகுந்தால் அது குலா ஜவாரி, திறந்தது. ரீங்காரம் அடங்கிச் சுரம் தெளிவாக நின்றால் பந்த் ஜவாரி, மூடியது. சிதார் மேதை விலாயத் கான் வழியினர் மூடியதை விரும்புவார்கள். எது நல்லது என்று கேட்டால் யார் வாசிக்கப்போகிறார்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன் என்றார்.

கருவியைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் வாசித்தும் பார்த்தார். “இதை என் வாத்தியமாக மாற்ற முயலாதீர்கள். எங்கள் தந்தி இதைவிட ஒரு சாண் நீளம். விரலை ஒரே மெட்டில், அதாவது ஃப்ரெட்டில், நிறுத்தித் தந்தியை இழுத்தே நாலைந்து சுரம் மேலே போவோம். இவருக்கு அது தேவையா?” என்று கேட்டார். கலைஞர் சிறிது யோசித்துவிட்டு, தேவையில்லை என்றார். அவருடைய பகுதிகளெல்லாம் நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கும் சிறு சொற்றொடர்கள். பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் வந்து போகிறவை.

எடுத்த முடிவு

அதன் பிறகு அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: ஒலிப்பதிவில் எந்தெந்தத் தந்தியில், எந்தெந்த ஃப்ரெட்டுகளில் வாசிக்கப்போகிறீர்கள்? பாடல்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டச் சொன்னோம். கிட்டத்தட்ட எல்லாமே மேல் மூன்று தந்திகளில், அதாவது முதல் மூன்று மெல்லிய தந்திகளில், ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை இருந்தன. ஒரு பாடல் மட்டும் விதிவிலக்கு. அதில் கீழ்த் தந்திகளில் முழுக் கார்டுகள் (பல சுரங்களை ஒன்றாக மீட்டுவது) வந்தன.

மூன்று தீர்வுகளை எடைபோட்டோம். சாதாரண பிரிட்ஜும் மிதிபெட்டியும் என்ற அவருடைய யோசனையை முதலில் தள்ளினோம். அப்படிச் செய்தால் அவர் காசு கொடுத்து வாங்கியதையே அகற்றியவர்கள் ஆவோம். உலோகத்தால் ஆன புதிய ரீங்கார பிரிட்ஜை வரவழைத்துப் பொருத்துவது இரண்டாவது. அது தேயாது. ஆனால் பழைய திருகுத் துளைகளோடு அது பொருந்துமா என்று உறுதியில்லை, ஸ்டூடியோ தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. இருக்கும் மர பிரிட்ஜையே மறுபடி தேய்த்து வடிவமைப்பதைத் தேர்ந்தோம். மரம் தேய்க்க எளிது, எங்கள் அளவுக்குத் தேய்க்கலாம், கெட்டுப்போனால் புதிது வாங்கும் வழி அப்போதும் இருக்கும்.

சுருதியைப் பொறுத்தவரை, எல்லாத் தந்திகளிலும் எல்லா ஃப்ரெட்டுகளிலும் சரியாக இருக்கும்படி செய்ய முயல்வதில்லை என்று முடிவெடுத்தோம். பிழையை அவர் வாசிக்காத இடத்துக்குத் தள்ளிவிடுவது என்று தீர்மானித்தோம். கார்டுகள் வரும் அந்த ஒரு பாடலுக்கு இந்தக் கருவி சரிவராது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டோம். அதை அவர் அவ்வளவு மகிழ்ச்சியோடு கேட்கவில்லை.

பிரிட்ஜில் செய்த வேலை

பிரிட்ஜைக் கழற்றி, கண்ணாடிப் பலகை மேல் ஒட்டிய உப்புத்தாளில் பள்ளங்கள் மறையும் வரை தேய்த்தோம். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நயமானது. பரப்பு தட்டையானதும் அசல் வேலை தொடங்கியது. தந்தியின் வால் பக்கம் உயரம் மாறாமல் இருக்க, கழுத்துப் பக்கம் போகப் போக மிக மிக மெல்லச் சரிய வேண்டும். கண்ணால் பார்த்தால் சரிவே தெரியாது. எஃகு அளவுகோலை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் மயிரிழை இடைவெளி தெரியும். அவ்வளவுதான். கொஞ்சம் அதிகமாகச் சரிந்தால் தந்தி தொடாமலே போய்விடும், ரீங்காரம் இருக்காது. சரிவு போதாவிட்டால் தந்தி பரப்போடு ஒட்டிக்கொண்டு ஒலி செத்துவிடும்.

இதில் குறுக்கு வழி கிடையாது. தேய்ப்பது, பொருத்துவது, தந்தி கட்டிச் சுருதி சேர்ப்பது, கேட்பது, மறுபடி அவிழ்ப்பது. எங்கே உரசுகிறது என்று அறிய மரப்பரப்பில் பென்சிலால் கரி பூசினோம். சில நிமிடம் மீட்டிவிட்டுப் பார்த்தால், தந்தி தொட்ட இடத்தில் கரி மின்னும். அந்த மினுக்கம் நீளமாகவும் ஓரங்களில் மங்கிக்கொண்டும் இருந்தால் ஒலி நன்றாக இருந்தது. ஒரு புள்ளியாகச் சுருங்கியிருந்தால் ‘டிங்’ என்றது. பொறுமையைச் சோதிக்கும் வேலை. மூன்று தந்திகளில் செய்வதற்கே ஒரு வாரத்தின் மாலைகள் போதாமல் போயின. ஆறுக்கும் இதே கவனம் செலுத்தியிருந்தால் கூலி கருவியின் விலையை எட்டியிருக்கும்.

தந்திகளை மெல்லியவையாக மாற்றினோம்: முதல் தந்தி 0.009, மூன்றாவது 0.016. மெல்லிய தந்தி அதே சுருதிக்குக் குறைந்த இழுவிசையில் நிற்கும். வீச்சு அகலமாகும், பரப்பைத் தொடுவது எளிதாகும். அழுத்தும்போது சுருதி ஏறுவதும் மூன்றாம் தந்தியில் குறைந்தது. ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. கலைஞர் வழக்கமாக ஓங்கி மீட்டுபவர். மெல்லிய தந்தியில் ஓங்கி மீட்டினால் ரீங்காரம் உலோகத் தகடு உதறுவது போலாகிவிடும். கையை அடக்கப் பழக வேண்டியதாயிற்று.

ஓர் ஆறுதலான விஷயமும் தெரியவந்தது. சாய்வை மாற்றித் தந்தியின் ஓய்விடம் பின்னுக்குப் போனதும் ரீங்காரம் வந்ததோடு, அதிரும் நீளம் சில மில்லிமீட்டர் கூடி, ஏறியிருந்த சுருதியும் இறங்கியது. ஓரளவு வரை இரண்டு கோரிக்கைகளும் ஒரே திசையில்தான் போகின்றன. மோதல் அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது.

பிரிட்ஜின் அடித்தளத்தில் திருகுகளுக்கு இருந்த சிறு இடைவெளியைப் பயன்படுத்தி, மூன்றாம் தந்திப் பக்கம் சற்றுப் பின்னால் போகும்படி அதைச் சாய்த்துப் பூட்டினோம். இத்தனைக்குப் பிறகும் மூன்றாம் தந்தி பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 6 அல்லது 7 சென்ட் ஏறித்தான் இருந்தது. அதற்கு மேல் போக வேண்டுமானால் ரீங்காரத்தில் கை வைக்க வேண்டும். அங்கே நிறுத்தினோம். மூன்றாம் தந்தியைத் திறந்த நிலையில் (எந்த ஃப்ரெட்டிலும் விரல் வைக்காமல்) சில சென்ட் குறைத்துச் சுருதி சேர்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொன்னோம். அவர் வாசிக்கும் ஃப்ரெட்டுகளில் அது சரியாக விழும். திறந்த தந்தியை மீட்டினால் சற்று இறங்கிக் கேட்கும், ஆனால் அவருடைய பகுதிகளில் திறந்த தந்தி எங்கும் வரவில்லை.

துணைத் தந்திகள்

சிதாரின் துணைத் தந்திகளான தரப் தந்திகள் தாமாக ஒலிக்கும். வாசிக்கும் தந்தியின் அதிர்வு குதிரைகள் வழியாகவும் உடல் வழியாகவும் போய், அதே சுருதியில் இருக்கும் துணைத் தந்தியை எழுப்பும். சுரைக்காய்க் குடமும் மெல்லிய மரமுகப்பும் அதற்கு உதவுகின்றன. இந்தக் கிடாரின் உடலில் அந்த இளக்கம் இல்லை, துணைத் தந்திகளுக்கு இருப்பதும் தனி பிரிட்ஜ். எனவே மேல் தந்திகளை வாசித்தால் இவை எழுவது அரிது. கலைஞரின் மூன்றாவது புகாருக்குச் சரிசெய்யத்தக்க காரணம் எதுவும் இல்லை. கருவியின் அமைப்பே அப்படி.

காணாமற்போன இரண்டு தந்திகளைப் போட்டோம். பதின்மூன்றையும் அரைச்சுர வரிசையில் சேர்ப்பது ஒரு வழக்கம். அப்படிச் செய்தால் கையால் வருடும்போது எல்லாச் சுரங்களும் ஒன்றாகக் கலந்து குழம்பும். பதிவு செய்யும் பாடல்களில் பெரும்பாலானவை இரண்டே சுருதிகளில் இருந்தன. அவற்றுக்குப் பொதுவான சுரங்களில் மட்டும் சேர்த்து, சிலவற்றை ஒரே சுரத்தில் இரட்டையாக வைத்தோம். வாசிக்கும்போது துணைப் பிக்கப்பை அணைத்துவிடுவது, வருட வேண்டிய இடத்தில் மட்டும் திறப்பது என்று ஏற்பாடு.

ஒலிப்பதிவு

ஸ்டூடியோவுக்கு நானும் போயிருந்தேன். முதல் ஒரு மணி நேரம் சுமாராகத்தான் போனது. ஒலிப்பதிவாளர், வழக்கமான கிடாருக்குச் செய்வதுபோல, உயர்சுரப் பகுதியைக் குறைத்து ஒலியை உருண்டையாக்கிவிட்டார். ரீங்காரம் முழுவதும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதைக் குறைத்ததும் மட்டமான கிடார் ஒன்றுதான் மிஞ்சியது. சொன்னதும் புரிந்துகொண்டார். ஒலிபெருக்கியைத் தவிர்த்து நேரடியாகக் கலவைப் பலகையில் இணைத்தோம். ஒலி தேயும் பகுதி கேட்க வேண்டும் என்பதற்காகக் கம்ப்ரஸரைச் (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கும் கருவியை) சற்றுத் தாராளமாகப் பயன்படுத்தினார். அப்போது அறையில் இருந்தவர்கள் தலையாட்டத் தொடங்கினார்கள்.

துணைத் தந்திகளின் வருடலைத் தனித்தடத்தில், பாட்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மட்டும் பதிவு செய்தார்கள். தானாக எழாத தந்திகள் இப்படிக் கையால் எழுப்பியபோது பயன்பட்டன.

மூன்று பாடல்கள் கருவியோடு முடிந்தன. கீபோர்டுக்காரர் ஓரிடத்தில் மட்டும் சுருதியைப் பற்றி முணுமுணுத்தார். கலைஞர் அதே சொற்றொடரை மூன்றாம் தந்தியிலிருந்து இரண்டாம் தந்திக்கு மாற்றி வாசித்ததும் அதுவும் தீர்ந்தது. கார்டுகள் கொண்ட பாடலை அவர் எங்கள் பேச்சைக் கேட்காமல் முயன்று பார்த்தார். ஆறு தந்திகளும் ஒரே நேரத்தில் ரீங்கரித்தபோது எது என்ன சுரம் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பாடலைச் சாதாரண கிடாரில் பதிவு செய்தார்கள்.

அதன் பிறகு

மேடையில் நிலைமை வேறாக இருந்தது. டிரம்ஸும் பித்தளை வாத்தியங்களும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் ரீங்காரத்தின் பாதி கரைந்துவிடுகிறது என்றார். மேடையில் அவர் இதை இரண்டு பாடல்களுக்கு மட்டும் எடுக்கிறார், மற்ற நேரம் தாங்கியில் நிற்கிறது.

கோடையில் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சிக்குப் பிறகு மறுபடி கொண்டுவந்தார். ஈரக்காற்றில் மரம் சற்றே ஊறி, முதல் தந்தியின் ஒலி மந்தமாகியிருந்தது. திருகுகளில் ஒரு சிறு திருப்பம் போதுமானதாக இருந்தது. அதை அவரே செய்யக் கற்றுக்கொடுத்தோம். சில மாதங்களில், எதிர்பார்த்தபடியே, சுற்றுத் தந்திகளின் கீழே மறுபடி தடம் விழத் தொடங்கியது. மேல் மூன்றின் கீழே தேய்மானம் மிகக் குறைவு. கீழ் மூன்றை அவர் வாசிப்பதில்லை என்பதால் அப்படியே விட்டிருக்கிறோம்.

மாற்றிச் செய்யக்கூடியவை

தேதி நெருக்கடி இல்லாத ஒருவர் இதே பிரச்சினையோடு வந்தால் உலோக பிரிட்ஜை வரவழைத்துப் பொருத்திப் பார்க்கவே சொல்வேன். மரத்தின் ஒலி சற்று இனிமையாக எனக்குப் படுகிறது, ஆனால் ஆண்டுக்கொருமுறை தேய்ப்பதற்கு ஆள் வேண்டும். சிதார்க்காரர்கள் அதை வாழ்க்கையின் பகுதியாக ஏற்றுக்கொண்டவர்கள். கிடார்க்காரர்கள் பெரும்பாலும் அப்படி இல்லை.

ஒலிப்பதிவாளரிடம் முன்கூட்டியே பேசுவது இரண்டாவது. கருவியைச் சரிசெய்து முடித்ததும் ஒரு சிறு மாதிரிப் பதிவை அவருக்கு அனுப்பிவைத்திருந்தால் ஸ்டூடியோவின் முதல் மணி நேரம் மிஞ்சியிருக்கும். அந்த நேரத்துக்கு வாடகை கட்டியது குழு.

இந்த வகைக் கருவிகளை எடுத்துக்கொள்ளும்போது நிரப்பும் சீட்டில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: எந்தப் பாடல்கள், எந்தத் தந்திகள், எந்த ஃப்ரெட்டுகள். அதை நிரப்பாமல் பிரிட்ஜில் உப்புத்தாளை வைப்பதில்லை. அண்மையில் இன்னொருவர் துணைத் தந்திகள் இல்லாத ஒரு சிறிய மாதிரியோடு வந்தார். அந்த வரியில் ‘எல்லாமே’ என்று எழுதினார். அவருடைய கருவியை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை, பாடல் பட்டியலோடு வரச் சொல்லியிருக்கிறோம்.